குமிழ்

முனீஸ்வரன் கோயில் தெருவில்
இரண்டு சிந்தசைசர் இருந்தன.

பெரியதற்கு இரு பக்கமும் மரம்.
"பர்மாத் தேக்கு" என்றார் தாவூது.
வால்நட் அண்ணே, என்றேன்.
விலை இறங்கவில்லை.
விலை மரத்துக்கு.
நடுவில் இருந்தது மரத்தோடு ஒட்டிவந்த சங்கதி.

சிறியது தகரம்.
எனாமல் தூக்குவாளிகளுக்கும் ரசம் போன
பெல்ஜியம் கண்ணாடிக்கும் இடையில்
குப்புறக் கிடந்தது.
முப்பத்தேழு கட்டைகள். ஒன்று
அமுங்கியது அமுங்கியபடி.

எனக்கு வேலை மின்வேதியியல் ஆய்வகத்தில்.
பகல் முழுக்கத் தகடும் அமிலமும்.
ஒரு கெப்பாசிட்டர் ஒழுகத் தொடங்கியதை
மூடி திறக்காமலே மூக்கு சொல்லிவிடும்:
மீன் கழுவிய தண்ணீர்.

குனிந்து பெரியதை முகர்ந்தேன்.
மீன் இல்லை. கருகிய வார்னிஷ்.
"நேரா ப்ளக்குல சொருகினீங்களா?"
"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர், பாட்டு வருதான்னு பாக்கணும்னார்."
நூறு வோல்ட் குடிக்கும் தொண்டையில்
இருநூற்று முப்பதை ஊற்றியிருக்கிறார்கள்.

சிறியதற்கு நான் கொண்டுபோன டிரான்ஸ்ஃபார்மர்.
சூடாகட்டும், இருபது நிமிஷம், என்றேன்.
தாவூது டீ சொன்னார்.
அது ஆறி, இன்னொன்று சொன்னார்.

பிறகு இடது கோடியில் ஒரு கட்டை.

அடுக்கி வைத்த பித்தளைத் தாம்பாளங்களில்
மூன்றாவதோ நான்காவதோ
பதில் சொன்னது.
தாவூது எழுந்து போய் அதைக் கையால் அமுக்கினார்.
"இதுக்குத் தனி விலை" என்றார்.

ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான்.
இரண்டு விரல் வைத்தால்
கீழே இருப்பவனுக்குத்தான் காது கொடுக்கும்.
மேலே இருப்பவன் எவ்வளவு அழுத்தினாலும்.
அது பிடித்திருந்தது எனக்கு.

ஆனால் வடிகட்டியில் குமிழ் இல்லை.
அதற்குப் பக்கத்தில் இரண்டிலும் இல்லை.
வெறும் தண்டு.
"கானாடுகாத்தான் ஓட்டல் மேனேஜரம்மா
எடுத்துக்கிட்டாங்க.
இழுப்பறைக்குப் பொருத்தமா இருக்காம்.
ஜோடி நூத்தம்பது."
மூணுல ஏது ஜோடி?
"ஒண்ணு இலவசம்."

ஆறாயிரத்து இருநூறு கொடுத்து
ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஏற்றினேன்.

மே மாதம். குவார்ட்டர்ஸ் மொட்டைமாடி
எரிந்துகொண்டிருக்கும் மதியங்களில்
காலையில் வைத்த ச
சாப்பிட்டு வருவதற்குள் நகர்ந்திருக்கும்.
இன்வெர்ட்டரின் ஐம்பது ஹெர்ட்ஸ் உறுமலை
சுருதியாக வைத்து இழுத்துக் கொண்டுவருவேன்.
கரண்ட் போனால் அதுவும் போச்சு.

இராத்திரி குறடு.
தண்டின் தட்டைப் பக்கத்தைப் பிடித்துத் திருப்ப
ஊ, ஓவாகி,
ஆ என்று திறக்கும்.
முழுக்கத் திறந்தால் தகரம் தகரம்தான்.
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஓர் இடம்.
அங்கே வாய் திறந்திருக்கும்,
பல் தெரியாது.
அந்த இடத்தை ஒவ்வொரு இரவும்
புதிதாகத் தேட வேண்டும்,
குறடு வழுக்கிவிடும்.

உமையாள் வரவேற்புக்குக் கானாடுகாத்தான் போனேன்.
புடவை மாற்ற ஓர் அறை கொடுத்தார்கள்.
கட்டில் ஓரம் சின்ன அலமாரி,
மூன்று இழுப்பறை,
மூன்று கறுப்புக் குமிழ்.
வெள்ளைக் கோடு ஒவ்வொன்றிலும்
ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு.

மேல் இழுப்பறையை இழுத்தேன்.
சலவை விலைப்பட்டியல்,
பாதி எரிந்த கொசுவத்தி.

கைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.
எப்போதும் இருக்கும்.

வெளியே நாதஸ்வரம் ஆரம்பித்தது.
குமிழைப் பிடித்தேன், விரலுக்கு அது தெரிந்திருந்தது,
திருப்பினேன்.
கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் பக்கம்,
ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே,
நிறுத்தினேன்.
இழுப்பறையை மூடினேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கையில்
மேனேஜரம்மா கேட்டார்:
"ரூம் சௌகரியமா இருந்துச்சா?
சத்தம் கித்தம் ஒண்ணும் இல்லியே?"

இல்லை, என்றேன்.